பேரூராட்சி மன்றம் என்ன முடிவெடுத்தது என்பதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது?

கூட்டப்பொருள்

எங்கள் பேரூராட்சியின் பெயரில் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை. தலைவர் பூமிபூஜை போட்ட படம் தேங்காய்த் தண்ணீர் காய்வதற்குள் வந்துவிடுகிறது. மாதக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது, எந்த வேலைக்கு எந்த நிதி, வாரச்சந்தை ஏலம் எந்தத் தொகைக்குப் போனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘காரசார விவாதம், உறுப்பினர்கள் வெளிநடப்பு’ என்று நான்கு வரி வரும். எதற்காக வெளிநடப்பு என்பது அந்த நான்கு வரியில் இருக்காது.

என் யோசனை இதுதான். கூட்டப் பொருள் விவரம், அதாவது கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல், உறுப்பினர்களுக்குப் போன உடனே ஒரு பிரதி வாங்கி, அலுவலகத் தமிழைப் பேச்சில் புழங்கும் தமிழாக்கி, ஒரே பக்கத்தில் ஊருக்குக் கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு கொடுத்தால் அது வெறும் செய்தி. முன்பே கொடுத்தால்தான் வார்டு உறுப்பினரை வழியில் நிறுத்தி ‘இதற்கு ஏன் கை தூக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்க முடியும். வேறு ஊர்களில் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? அலுவலகத்தில் என்ன சொல்கிறார்கள்?

வரப்போரம்

செய்து பாருங்கள், தடுக்கவில்லை. முதல் மாதம் கைதட்டுவார்கள். அடுத்த மாதம் ‘நீங்கள் எந்தக் கட்சி?’ என்பார்கள். அதற்கும் அடுத்த மாதம் உங்கள் வீட்டுக் குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டிய ரசீது எங்கே என்று கேட்டு ஆள் வரும்.

மக்களுக்கு வேண்டியது தீர்மானம் இல்லை ஐயா. தண்ணீர் நாளைக்கு வருமா, குப்பை வண்டி ஏன் வரவில்லை, தெருவிளக்கை எப்போது மாற்றுவார்கள். இதைப் போடுங்கள், ஊரே படிக்கும். ‘பொருள் எண் 14’ என்று தொடங்கினால் நீங்களும் நானும்தான் படிப்போம். நானும் பாதியில் விட்டுவிடுவேன்.

பழைய எழுத்தர்

பேரூராட்சி அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டப் பொருள் தாள்களை ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்த கை இது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாள் கையில் கிடைத்தால் முதல் பக்கத்தில் இருந்து படிக்காதீர்கள். வரவு செலவு அறிக்கை, பிறப்பு இறப்புப் பதிவு விவரம் போன்றவை ‘மன்றத்தின் பார்வைக்கு’ என்று முன்னால் வந்துவிடும். கூட்டத்தில் டீ கொடுப்பதும் அந்த நேரத்தில்தான். விஷயம் நடுவிலும் கடைசியிலும் இருக்கும்.

ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்று முடிந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. ‘மன்றத்தின் பின்னேற்புக்கு’ என்று முடிந்தால் வேலை முடிந்துவிட்டது, பல நேரம் பணமும் போய்விட்டது, உறுப்பினர்கள் கை தூக்குவது மட்டும் பாக்கி. எல்லாப் பின்னேற்பும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அடுத்த கூட்டம் வரும்வரை ஊரைத் தவிக்கவிட முடியாது. அன்றைக்கே கழற்றிக் கம்பிச்சுருளை (காயில்) புதிதாகக் கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் பிளீச்சிங் பவுடர், எல்.இ.டி. விளக்கு, கணினிப் பழுது, வாடகை டிராக்டர் என்று அதே சாமான்கள் மாதாமாதம் பின்னேற்பில் வந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் அவசரம் இல்லை. தேவை முன்கூட்டியே தெரிந்த பொருளுக்கு ஏன் முன் அனுமதி வாங்கவில்லை என்று ஒரே ஒரு உறுப்பினர் கேட்டால் போதும், அடுத்த மாதத் தாள் வேறு மாதிரி வரும். நான் கண்ணால் பார்த்தது. உங்கள் ஒரு பக்கத்தில் வேறெதற்கும் இடம் இல்லாவிட்டாலும் பின்னேற்புப் பட்டியலை மட்டும் போடுங்கள்.

அடுத்து, நிதித் தலைப்பு. ‘பொது நிதி’ என்று இருந்தால் அது நீங்கள் கட்டிய சொத்து வரி, கடை வாடகை, ஏலத் தொகை ஆகியவற்றில் இருந்து போகும் பணம். மானியங்களுக்கு ‘இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்’ என்று கட்டு உண்டு. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு, பத்து லட்சம் மக்கள்தொகையை எட்டாத ஊர்களுக்கு ஒதுக்கியதில் 40 சதவீதம்தான் ஊர் விருப்பப்படி செலவழிக்க. 30 சதவீதம் குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் திடக்கழிவுக்கும். ‘குடிநீருக்குப் பணம் இருக்கிறதே, அதில் என் தெருவுக்குப் பேவர் பிளாக் போடு’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. குடிநீர்த் தலைப்பில் வந்த பணத்தில் என்ன குழாய், எந்தத் தெருவில் போட்டீர்கள் என்று கேட்பதில் அர்த்தம் உண்டு.

கணக்கு ரகசியம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால்தான் மானியம் என்று அதே நிதிக்குழு நிபந்தனை போட்டது.

கூட்டப்பொருள்

எழுத்தர் ஐயா, இதற்குத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். நன்றி. உறுப்பினர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? தாளைக் காட்டுவதில் உங்களுக்கு ஏதாவது சிக்கல் உண்டா?

எட்டாவது வார்டு

இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

எங்களுக்கே தாள் எப்போது வருகிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். அலுவலக உதவியாளர் கொண்டுவருவார். நான் வீட்டில் இல்லையென்றால் என் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். ‘உறுப்பினர் நான்தான், அவர் இல்லை’ என்று சொல்லி அதை நிறுத்தவே ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் வந்துவிட்டது. கூட்டப் பொருள் தாள் இன்னும் ஆண்கள் கைக்குத்தான் முதலில் போகிறது.

இன்னொரு நிலைமையும் இருக்கிறது. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அரசியலமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவு காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது, நடந்தது இதுதான். நாங்கள் உள்ளே போனபோது, மன்றம் என்று ஒன்று உண்டு, அது கேள்வி கேட்கும் என்பதே அலுவலகத்தில் பலருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எங்களிலும் பெரும்பாலோர் புதியவர்கள். கேட்கத் தெரியவில்லை.

வெளிநடப்பு பற்றி ஒன்று சொல்கிறேன். வெளியே போனால் படம் வரும், உள்ளே தீர்மானம் பாட்டுக்கு நிறைவேறிவிடும். நான் போவதில்லை. என் எதிர்ப்பை என் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கும்வரை நாற்காலியிலேயே இருப்பேன். நாளைக்குத் தணிக்கைக்கு வருகிறவர் புரட்டுவது புத்தகத்தை. நாளிதழை இல்லை.

தாளைக் காட்டுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. என் வார்டு மக்களுக்காகத்தானே அதை எனக்குக் கொடுக்கிறார்கள்.

கல்வெட்டுப் பித்தன்

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லையே! கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே…

வரப்போரம்

வந்துவிட்டது. உள்ளாட்சி என்று யாராவது வாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் குடவோலை வந்துவிடும். அந்த உத்திரமேரூரும் இன்றைக்கு ஒரு பேரூராட்சிதான். அங்கே போய்க் கூட்டப் பொருள் தாள் கேட்டுப் பாருங்களேன்.

கல்வெட்டுப் பித்தன்

முடிக்க விடுங்கள் நண்பரே. நான் சொல்ல வந்தது வாக்குப் போடும் முறையைப் பற்றி அல்ல, தகுதி நீக்கத்தைப் பற்றி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது; அவரோடு நிற்காமல் அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக்கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. அதையும் ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கவில்லை, ஊர் கூடும் மண்டபத்தின் சுவரில் வெட்டினார்கள். குடும்ப வாரிசுகள் நிறைந்த நம் மன்றங்களில் இந்த ஒரு விதியை வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? (அந்தச் சபை பிராமணக் குடியிருப்பின் சபை, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கு வேறு சண்டை வரும்.)

வரப்போரம்

சரி, இந்த முறை குடவோலைக்கு வேலை இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

விடுமுறையில் ஊர்வருபவன்

வெளிநாட்டில் வேலை. ஊரில் அப்பா மட்டும் இருக்கிறார். 2022இல் சொத்து வரியை ஒரேயடியாக ஏற்றியதில் இருந்து அவருக்கு மனத்தாங்கல். ‘மன்றத்தில் தீர்மானம் போட்டுத்தான் ஏற்றினோம்’ என்று அலுவலகத்தில் சொல்கிறார்களாம். ‘மேலே இருந்து வந்த உத்தரவு’ என்று உறுப்பினர் சொல்கிறாராம். இரண்டில் எது உண்மை?

பழைய எழுத்தர்

இரண்டுமே தம்பி. விகிதம் அரசு சொன்னது. குடியிருப்புக் கட்டடம் 600 சதுர அடி வரை என்றால் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. அதை ஏற்று மன்றங்களைத் தீர்மானம் போடச் சொன்னார்கள். உறுப்பினர்கள் பதவியேற்றது மார்ச் 2ஆம் தேதி. உயர்வு கணக்கானது ஏப்ரல் 1 முதல். புதிதாக வந்தவர்கள் கை தூக்கிய முதல் பெரிய தீர்மானமே வரி உயர்வு என்றால் எப்படி இருக்கும் பாருங்கள். அதற்குப் பின்னாலும் 15ஆவது நிதிக்குழுதான்: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர்ந்தால்தான் மானியம் என்று அது சொல்லியிருந்தது.

அப்பாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலில், வரிவிதிப்புப் பதிவேட்டில் வீட்டின் பரப்பு என்னவென்று இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கிற வீடுகளில், பத்து இருபது சதுர அடி கூடுதலாக எழுதியிருந்தாலே அடுத்த படிக்குப் போயிருக்கும். அளவு தப்பு என்றால் மறு அளவீடு கேட்டு மனு கொடுக்கலாம், அது அவருடைய உரிமை. இரண்டாவது, அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. பணம் கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

விடுமுறையில் ஊர்வருபவன்

இந்த ஐந்து சதவீதம் பற்றி எந்த வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவரும் சொன்னதில்லை. பூமிபூஜைப் படங்கள் மட்டும் எனக்குக் கடல் கடந்து வருகின்றன.

கூட்டப்பொருள்

ஒரு பக்கத்தில் அதையும் சேர்க்கிறேன். வரப்போரம் அண்ணன் கேட்ட தண்ணீர் நாள்களும் மேலேயே இருக்கும். தண்ணீர் விவரத்துக்காக எடுத்துப் படிப்பவர் கீழே இருக்கும் பின்னேற்பையும் படித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

கிராமசபைக்காரர்

எங்களுடையது ஊராட்சி. பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு ஓடுகிறது. 2025 தொடக்கத்தில் இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது பல ஊர்களில் மக்கள் சாலைக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்பதுதான் எல்லா இடத்திலும் பேச்சு. எனக்கு அவற்றோடு இன்னொரு கவலையும் இருக்கிறது. எங்களுக்குக் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. சடங்காக நடக்கும் ஊர்கள் உண்டு, தெரியும். ஆனாலும் வாக்காளர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று கேட்கலாம். உங்கள் பேரூராட்சியில் ஒரு சாதாரண ஆள் எங்கே போய் எழுந்து நிற்பது?

எட்டாவது வார்டு

நல்ல கேள்வி. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும்தான். சிறிய ஊர்கள் விட்டுப்போயின. தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் வந்த பிறகு பேரூராட்சிகளுக்கும் வார்டு குழு, அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபா என்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அந்த ஆண்டு எங்கள் ஊரிலும் கூட்டம் களைகட்டியது, நாற்காலி போதவில்லை. பிறகு ஆள்கள் குறைந்துகொண்டே போனார்கள். காரணம் எளிது: முதல் கூட்டத்தில் சொன்ன குறைகளுக்கு என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தில் ஒருவரும் படித்துக் காட்டவில்லை. என் வார்டில் நான் இப்போது பழைய மனுக்களைப் படித்துவிட்டுத்தான் புதிய மனுக்களை வாங்குகிறேன். ஆள் கொஞ்சம் திரும்பி வருகிறார்கள்.

பழைய எழுத்தர்

கிராமசபைக்காரருக்கு ஒரு பழைய கதை. 2004இல் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் மறுபடியும் பேரூராட்சிகளாக்கினார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு இரண்டு முறை கூலி கிடைத்தது. பதிவேடுகள், ரப்பர் முத்திரை, கடிதத்தாள் எல்லாம் மாறின. சாக்கடை அடைப்பு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

அதற்காக இணைப்பும் வெறும் பெயர் மாற்றம்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கு மட்டும் என்பது சட்டம். கூலி வேலை செய்கிற குடும்பங்கள் பயப்படுவது நியாயமான பயம். உங்கள் கிராமசபையில் அதை விவாதித்துத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். எழுத்தில் இருப்பதற்குத்தான் பதில் எழுத வேண்டிவரும்.

தகவல் கேட்பவள்

உறுப்பினர் தாள் தரவில்லை என்றால்? எங்கள் ஊரில் எட்டாவது வார்டு அக்கா போல ஒருவரும் இல்லை. நான் கடைப்பிடிக்கும் வழி இது.

தகவல் உரிமைச் சட்டம் 2005. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. முகவரி: பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. 6(2) பிரிவு அதைக் கேட்கவே கூடாது என்கிறது. 30 நாள்களுக்குள் பதில் வரவேண்டும். தாண்டினால் நகல்களை இலவசமாகத் தரவேண்டும், மேல்முறையீட்டுக்கும் போகலாம். கேள்வியை மட்டும் கவனமாக எழுதுங்கள். ‘ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று திருப்பி அனுப்புவார்கள். ‘இன்ன மாதக் கூட்டத்தின் தீர்மான நகல்’, ‘இன்ன சாலையின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், அளவுப் புத்தகத்தின் நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2(ஒ) என்றோ 2(j) என்றோ எப்படி அச்சிட்டிருந்தாலும், தகவல் உரிமை என்பதற்கு விளக்கம் சொல்லும் அந்தப் பிரிவில் நடக்கும் வேலையைப் பார்வையிடுவதும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் அடங்கும். எங்கள் தெருவில் கான்கிரீட் போட்டபோது அளவுப் புத்தகத்தில் எழுதியிருந்த கனத்தைத் தெரிந்துகொண்டு, ஓரத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தோம். மற்ற இடங்களில் சரியாக இருந்த கனம், தெருமுனை திரும்பிய இடத்தில் விரல்கடை குறைந்திருந்தது. மாதிரி எடுக்க மனுப் போட்ட பிறகு அந்த முனையை மட்டும் உடைத்துத் திரும்பப் போட்டார்கள். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நெறியாளர்

ஒப்பந்ததாரர் பெயர்களையும் அலுவலர் பெயர்களையும் குறிப்பிட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நடைமுறையைப் பேசுங்கள், ஆள்களை வேண்டாம்.

வரப்போரம்

நெறியாளர் சொல்வது இந்த இடத்துக்குச் சரி. ஆனால் ஊரில் ஒட்டும் தாளில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்க வேண்டாமா? ஒரே ஆளுக்கே எல்லாப் பேவர் பிளாக் வேலையும் போகிறது என்பது பெயர் இல்லாமல் எப்படித் தெரியும்?

பழைய எழுத்தர்

இருக்கலாம். ஒப்பந்தப்புள்ளி யாருக்குக் கிடைத்தது என்பது மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்ததே அதற்காகத்தான். தீர்மானத்தில் இருக்கிற பெயரை இருக்கிறபடியே போடுங்கள். பக்கத்தில் அடைமொழி எதுவும் வேண்டாம். வரிபாக்கி வைத்திருப்பவர், முதியோர் ஓய்வூதியம் கேட்டவர், குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட்டவர் இவர்கள் பெயரைத் தொடவே தொடாதீர்கள். அது வேறு, இது வேறு.

இன்னொன்று: ஒரே தெருவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு மூன்று மதிப்பீடு வந்தால் அவற்றைக் கூட்டி ஒரே வரியில் எழுதுங்கள். பிரித்து எழுதினால் சின்ன வேலையாகத் தெரியும்.

கூட்டப்பொருள்

நான் தயார் செய்திருக்கும் தாளின் வரிசை இது. மேலே இந்த மாதத் தண்ணீர் நாள்கள், குப்பை வண்டி நேரம். அடுத்து, வரப்போகும் கூட்டத்தின் தேதி. அதன்கீழ் புதிய வேலைகள்: தெரு, தொகை, நிதித் தலைப்பு. பிறகு பின்னேற்புப் பட்டியல் முழுதாக. ஏலங்கள். வரி கட்டக் கடைசி நாளும் ஊக்கத்தொகையும். கூட்டம் முடிந்ததும் அதே தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நிறைவேறியது’, ‘ஒத்திவைத்தது’, ‘எதிர்ப்பு பதிவானது’ என்று எழுதி மறுபடி ஒட்டுவது. ரேஷன் கடைச் சுவர், பேருந்து நிறுத்தம், நூலகம் ஆகிய இடங்கள். சொந்தக் கருத்து ஒரு வரி கூடக் கிடையாது. எங்கள் வார்டு உறுப்பினரிடம் பேசினேன். தாளைத் தருகிறேன் என்கிறார், தன் பெயரைச் சொல்லக்கூடாதாம்.

எட்டாவது வார்டு

தொடங்கட்டும், பெயர் பிறகு தானாகச் சொல்வார். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களில் பலர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்.

பழைய எழுத்தர்

ஏலத் தொகைக்குப் பக்கத்தில் போன ஆண்டுத் தொகையையும் போடுங்கள். சந்தை, பேருந்து நிலையக் கழிப்பறை, மிதிவண்டி நிறுத்தம் மூன்றுக்கும் தனித்தனியாக. தொகை குறைந்திருந்தால் ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, சந்தைக்காரர்களே கேட்டுவிடுவார்கள்.

வரப்போரம்

எங்கள் ஊருக்கும் அந்தத் தாளின் மாதிரியை அனுப்புங்கள். தண்ணீர் நாள்கள் மேலே இருக்கட்டும்.